பாட்டு மயங்கலாம், நிலம்?

2019 தொடக்கத்தில், எங்கள் கல்லூரி ஆண்டு விழாவுக்கு நிகழ்ச்சிகளைத் தேர்வு செய்யும் குழுவில் நானும் இருந்தேன். இரண்டாம் ஆண்டு மாணவிகள் மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தி கைபேசியை மேசைமேல் வைத்து, ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் பாட்டொன்றை ஓடவிட்டாள். இசைவாணி பாடியது. மற்ற இருவரும் அந்தத் தாளத்துக்குக் கும்மி அடித்துக் காட்டினார்கள். கும்மியின் சுற்றும் கானாவின் துள்ளலும் முதலில் ஒட்டவில்லை. பிறகு ஓரிடத்தில் சட்டென்று ஒட்டின. “இந்த எடத்துல பறை வேணுங்க மேம். ஆளுங்கள நாங்களே கூட்டிட்டு வந்துக்கறோம்” என்றாள் பாட்டை ஓடவிட்டவள்.

குழுவில் இருந்த ஒருவர், சாவுக்கு அடிப்பதை விழா மேடையில் எதற்கு அடிக்க வேண்டும் என்று கேட்டார். நான் அப்படிக் கேட்கவில்லை. நான் படித்தவள், கவிஞர், தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள். எனவே என் மறுப்பு வேறு மொழியில் வந்தது. “கும்மின்னா கும்மி, கானான்னா கானா. ரெண்டையும் கலந்தா ரெண்டும் நிக்காது கண்ணு. ஏதாச்சும் ஒண்ணு பண்ணுங்க” என்றேன். மூவரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். விழாவில் ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள். நன்றாகத்தான் ஆடினார்கள்.

நான் சொன்னதும் அவர் சொன்னதும் ஒன்றேதான் என்று எனக்கு விளங்கச் சில ஆண்டுகள் ஆயின. அந்தத் தாமதத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒரு குழு வகைமை விட்டு வகைமை தாவும்போது ரசிகர்களாகிய நாம் எதைக் கண்டு திடுக்கிடுகிறோம்?

*

இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் முதல் மேடை. தொடக்கத்தில் குழுவில் 19 பேர். கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், கிதார், டிரம்ஸ், பறை, சட்டி என்று எல்லாம் ஒரே மேடையில். இடஒதுக்கீடு பற்றி ஒரு பாட்டு, மாட்டுக்கறி பற்றி ஒரு பாட்டு. ஒவ்வொன்றும் சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களுக்குள் ராக் கிதாரில் தொடங்கிக் கானாவுக்கு வந்து, ராப்புக்குப் போய், பறையில் முடிவார்கள்.

அந்த நாள்களில் என்னைச் சுற்றி நான் கேட்ட கருத்துகளை மூன்றாகப் பிரிக்கலாம். ராக் கேட்டு வளர்ந்தவர்கள், கிதார் வெறும் அலங்காரமாக நிற்கிறது, சொல்தான் நிரம்பி வழிகிறது என்றார்கள். கானா பிடித்தவர்கள், இது குளித்துத் தலைவாரி மேடைக்கு வந்த கானா, தெருக் கானா இல்லை என்றார்கள். என்னைப் போன்ற நாட்டுப்புறவியல்காரர்கள், எல்லாவற்றையும் கலந்தால் எதற்கும் வேர் இருக்காது என்று கவலைப்பட்டோம். மூன்று தரப்பும் கேட்டது ஒரே கேள்வி: இது என்ன வகை?

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. 1965 ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாப் டிலன் மின்கிதாரோடு மேடையேறியபோது கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. மறு ஆண்டு மான்செஸ்டரில் ஒரு ரசிகர் அவரைப் பார்த்து ‘யூதாஸ்’ என்று கத்தினார். எல்லை தாண்டிய ஆணுக்குக் கிடைத்த பட்டம் துரோகி. ஐம்பதாண்டுகள் கழித்து, 2016-இல், அவருக்கு இலக்கிய நோபல் கிடைத்தது. இடையில் யாரும் அவரிடம் “நீ எந்த வீட்டுப் பிள்ளை” என்று கேட்கவில்லை. எல்லை தாண்டும் பெண்ணிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் அதுதான்.

*

வகுப்பில் அகத்திணை நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் நான் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. திணை மயங்குவதைத் தொல்காப்பியம் விலக்கவில்லை. குறிஞ்சிக்கு உரிய ஒழுக்கம் முல்லையில் வரலாம், நெய்தலின் இரங்கல் மருதத்தில் கேட்கலாம். ஆனால் நிலம் மயங்குவதை அது ஏற்பதில்லை. நிலம் நிலமாகவே இருக்க வேண்டும்.

இதை இருபதாண்டுகளாக இலக்கணச் செய்தியாகத்தான் சொல்லிவந்தேன். அந்த மூன்று மாணவிகளுக்குப் பிறகு அது எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது. பாட்டு மயங்கலாம், ரசிக்கலாம், அதற்குப் பரிசோதனை என்று பெயரும் வைக்கலாம். அதைப் பாடுகிறவர் எந்த நிலத்தில் நிற்கிறார் என்பது மட்டும் கலையக் கூடாது.

கானாவை எடுத்துக்கொள்வோம். சென்னையின் உழைக்கும் மக்கள் குடியிருப்புகளில் வளர்ந்த பாட்டு அது. சாவு வீட்டில் இரவு முழுவதும் கண்விழித்துப் பாடும் மரண கானா அதன் முக்கியமான கிளை. பாடுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அதே சாவு வீட்டில், கூடத்திலோ வாசலிலோ, பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோள்மேல் தோள் போட்டு ஒப்பாரி வைப்பார்கள். ஒரே பிணம், இரண்டு பாட்டு. ஆண் பாடுவதற்குக் கலைஞன் என்ற பெயர் மெல்ல மெல்லக் கிடைத்தது. சினிமாவுக்குப் போனது, ஒலிநாடாவுக்குப் போனது. பெண் பாடுவது அழுகையாகவே தங்கிவிட்டது.

எங்கள் பக்கத்திலும் இப்படித்தான். கருமத்தம்பட்டியை வெளியூர்க்காரர்களுக்கு ஜெபமாலை அன்னை ஆலயத்தாலும் விசைத்தறியாலும் தெரியும். எனக்கு அது என் அப்பத்தா செத்த ஊர். எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் வீட்டுப் பெண்கள் உள்ளே அழுதார்கள். அருந்ததியர் வளவிலிருந்து வந்தவர்கள் வாசலுக்கு வெளியே பறை அடித்தார்கள். அவர்களோடு வந்த வயதான அம்மா ஒருவர் தெருவில் நின்றபடி ஒப்பாரி பாடினார். என் அப்பத்தாவின் வாழ்க்கையில் எனக்குத் தெரியாத விஷயங்கள் எல்லாம் அவர் பாட்டில் இருந்தன. உள்ளே அழுதுகொண்டிருந்தவர்கள் அவர் குரலுக்குத் தக்கபடி அழுகையைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். பாட்டு வாசல்படி தாண்டி உள்ளே வந்தது. பாடியவர் வரவில்லை. அவருக்குத் தண்ணீர் எதில் கொடுத்தார்கள் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

பின்னாளில் கொங்குப் பகுதி ஒப்பாரியை ஆய்ந்துதான் நான் முனைவர் பட்டம் வாங்கினேன். புறநானூற்றுக் கையறுநிலையோடு ஒப்பிட்டு ஓர் இயல் எழுதினேன். புலவர்களுக்கெல்லாம் அதில் பெயர் உண்டு. பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல் இருக்கிறது. ‘பெண், வயது 65, கூலி வேலை.’ ‘பெண், வயது 70, கூலி வேலை.’ பாடியவர்களைத் தகவல் தந்தவர்களாக மாற்றிய அந்தப் பட்டியலை நான்தான் தட்டச்சு செய்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

*

இந்தப் பின்னணியோடு இசைவாணியிடம் வருகிறேன். தொடக்க மேடையின் 19 பேரில் அவர் ஒருவர்தான் பெண். கானா பாடும் பெண் என்பதே அப்போது பலருக்குச் செய்தியாக இருந்தது. 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது.

அவர் குரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றித்தான் குறைவாகப் பேசியிருக்கிறோம். தமிழ்ச் சினிமா நம் காதைப் பெண்குரல் என்றால் மேலே, மெல்லிசாக, தேன் தடவினாற்போல இருக்க வேண்டும் என்று பழக்கிவைத்திருக்கிறது. இசைவாணி அப்படிப் பாடுவதில்லை. சொல்லின் கடைசி எழுத்தை இழுத்து அழகுபடுத்தாமல் வெட்டி நிறுத்துகிறார். கேலி வரும் இடத்தில் குரல் சிரிப்பதில்லை, தட்டையாகிறது. அதனால் கேலி இன்னும் சுடுகிறது. இது கானாவின் பழைய உத்தி. அதை ஒரு பெண் செய்யும்போது, ஒப்பாரி வைக்கும் கிழவிகள் செத்தவரின் உறவுக்காரர்களைச் சாடையாகக் குத்தும் தொனியும் கூடவே வந்து சேர்கிறது. அவர் கானாவுக்குள் வந்ததால் கானாவும் ஒப்பாரியும் பல காலம் கழித்து ஒரே வாயில் சந்தித்தன என்று எனக்குத் தோன்றுகிறது. ராக்கும் ராப்பும் கலந்ததைவிட இதுதான் பெரிய கலப்பு. நாங்கள் யாரும் அன்று அதைக் கேட்கவில்லை.

குழுவின் மேல் எனக்குக் குறைகளும் உண்டு. கானாவில் பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் சட்டி பதில் சொல்லும். அந்த இடைவெளியில்தான் கேட்கிறவர்கள் ‘ஆமா’ போடுவார்கள். சில பாடல்களில் டிரம்ஸ் அந்த இடைவெளியை முழுக்க நிரப்பிவிடுகிறது. பறையும் டிரம்ஸும் ஒன்றை ஒன்று கேட்காமல் இரண்டும் ஓங்கி ஒலிக்கின்றன. இன்னொன்று, சாதியற்ற மேடைக்கு 18 ஆண்களும் ஒரு பெண்ணும் என்ற கணக்கு. அந்தக் கணக்கு பாட்டின் பொருளையும் பாதிக்கிறது. பெண் பிரச்சினை வரும்போது பெண்குரல் வருகிறது. இடஒதுக்கீடும் மாட்டுக்கறியும் பெண்களின் விஷயமும்தான், சோறாக்குகிறவளும் கல்லூரிக் கட்டணத்துக்கு அலைகிறவளும் அவள்தான். அந்தப் பாட்டுகளில் அவளுக்கு நடு இடம் இருந்திருக்கலாம்.

ஆனால் இப்படிப்பட்ட குறைகளைச் சொல்ல நேரமில்லாமல் 2024 நவம்பர் வந்தது. சபரிமலைக்குப் பெண்கள் போகலாமா என்ற விவாதம் சூடாக இருந்த காலத்தில் இசைவாணி பாடிய ஒரு பாட்டு, சில ஆண்டுகள் கழித்துத் திடீரென்று தோண்டி எடுக்கப்பட்டது. காவல்துறையில் புகார்கள் கொடுத்தார்கள். இரஞ்சித்தின் பெயரும் புகார்களில் அடிபட்டது உண்மை. ஆனால் வசை, ஆபாசம், மிரட்டல் எல்லாம் பெரும்பாலும் பாடிய பெண்ணைத் தேடித்தான் போயின. நீலம் பண்பாட்டு மையம் அதைக் கண்டித்து அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது.

ஒரு பாட்டு பல பேர் கூடிச் செய்வது. குழுவின் துணிச்சல் என்று பாராட்டியபோது பாராட்டு 19 பேருக்கும் போனது. தண்டனை என்று வந்தபோது ஒரு குரலுக்கு வந்தது. குரல் உடம்பில் இருக்கிறது, உடம்புக்கு முகவரி இருக்கிறது. கலப்பிசைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று கேட்டால் இந்தச் சம்பவத்தைத்தான் நான் மாணவிகளுக்குச் சொல்கிறேன்.

*

அதே குழுவில் பாடிய அறிவு, 2021 மார்ச்சில் தீ என்ற பாடகியோடு சேர்ந்து ‘எஞ்சாய் எஞ்சாமி’யைக் கொண்டுவந்தார். சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு. ஐந்து நிமிடத்துக்கும் குறைவான தனிப்பாடல். அதற்குள் ஒப்பாரி இருக்கிறது, ராப் இருக்கிறது, மேற்கத்திய மெல்லிசையும் இருக்கிறது. வகைமை தாவும் அந்தப் பாட்டுக்குப் பெரிய வெற்றி கிடைத்தது. பாட்டின் மையத்தில் அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, கையில் நிலமில்லாமல் தாயகம் திரும்பிய தலைமுறையைச் சேர்ந்தவர். காணொளியில் அவர் அரியணை போன்ற இருக்கையில் உட்கார்ந்திருப்பார்.

நிலமற்றவர்களின் பாட்டு வெளியான சில மாதங்களில், அந்தப் பாட்டுக்கே பட்டா யார் பெயரில் என்ற சண்டை தொடங்கியது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு இல்லை. எதிர்ப்புக்குப் பிறகு அவருக்குத் தனியாக ஓர் இணைய அட்டை வந்தது. 2022 ஜூலை 28 அன்று சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தது. அங்கும் அறிவு இல்லை. தலித் கலைஞரின் உழைப்பு எப்படிக் கண்ணெதிரே காணாமல் போகிறது என்று ரசிகர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வி. நான் அதில் அவர்கள் பக்கம்.

ஆனால் அந்தச் சண்டையில் பெண்கள் என்ன ஆனார்கள் என்றும் பார்க்க வேண்டும். அறிவுக்கு உரிய இடத்தைத் தானும் சொல்லியே வந்ததாகத் தீ விளக்கம் கொடுத்தார். கோபமாக இருந்த ரசிகர்கள் பலருக்கு அவர் ஒரு பாடகி என்பதே மறந்துபோய், ஒரு வீட்டுப் பெண்ணாக மட்டுமே தெரிந்தார். செஸ் ஒலிம்பியாட் மேடையில் தீயோடு பாடியவர் கிடாக்குழி மாரியம்மாள், பல காலமாக நாட்டுப்புறப் பாட்டு பாடிவருபவர். அவர் அன்று எப்படிப் பாடினார் என்று எழுதிய ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. இல்லாத ஆணின் இடத்தில் நின்றவராகத்தான் அவர் விவாதத்துக்குள் வந்தார். வள்ளியம்மாளோ எல்லாருக்கும் பாட்டி. பாட்டி என்பது அன்பான சொல், அதில் ஐயமில்லை. ஆனால் ஒப்பாரியை எங்கே கற்றார், யார் சாவுக்கெல்லாம் பாடினார், எந்தச் சொல் அவருடையது என்ற கேள்விகளை அந்த அன்பு கேட்கவிடாமல் செய்துவிட்டது. நான் என் பின்னிணைப்பில் ‘பெண், வயது 65’ என்று எழுதியதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

*

இவையெல்லாம் சென்னையின் கதை, நமக்கென்ன என்று கொங்குநாட்டில் இருந்துகொண்டு சொல்ல முடியாது. இங்கே இப்போது வள்ளி கும்மி பெரிய அளவில் திரும்பி வந்திருக்கிறது. மேட்டுப்பாளையம் பகுதியைச் சேர்ந்த பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆண்கள் ஆடிவந்த கலைக்குள் பெண்களை அழைத்துவந்தவர் என்பதால் அவரைப் பற்றிய செய்தி எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஒரே நிறச் சேலையில் நூற்றுக்கணக்கான பெண்கள் வட்டம் கட்டி ஆடுவதைப் பார்த்தால் எனக்கும் கால் துடிக்கும். வீட்டை விட்டு வெளியே வர ஒரு காரணம், உடம்பை வீசி ஆட ஓரிடம். அந்த மகிழ்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே 2024-இல் ஒரு காணொளியும் பரவியது. வள்ளி கும்மி மேடையில் நிற்கும் பெண்களிடம், சொந்தச் சாதியில்தான் திருமணம் செய்வோம் என்று உறுதிமொழி வாங்குகிறார்கள். உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று சங்கர் வெட்டிக் கொல்லப்பட்ட மாவட்டத்துக்குப் பக்கத்து மாவட்டத்தில் வாழ்கிறவள் நான். அந்த உறுதிமொழியை வெறும் பேச்சாக என்னால் கேட்க முடியாது. வெட்டுப்பட்டு உயிர் பிழைத்த கௌசல்யா பின்னர் பறை கற்றுக்கொண்டு மேடையில் அடித்தார். அதை இசை ஆர்வம் என்று மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, எதிர்த்தவர்களும் சரி, கொண்டாடியவர்களும் சரி. எந்தப் பெண்ணின் கையில் எந்தக் கருவி இருக்கிறது என்பதை வாசிக்க இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் காணொளியைப் பார்த்த அன்றுதான் 2019-இல் நான் சொன்னது என் காதில் திரும்ப விழுந்தது. கும்மின்னா கும்மி, கானான்னா கானா. அந்த மேடையில் சொன்னதும் இதுதானே? கலக்காதே.

பாட்டை ஓடவிட்ட அந்த மாணவி இப்போது திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறாள். போன வருடம் கோவையில் ஒரு புத்தக வெளியீட்டில் பார்த்தேன். பழைய விஷயத்தை நானே எடுத்து, அன்று அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றேன். அவள் சிரித்தாள். “அதெல்லாம் எப்பவோ போச்சுங்க மேம்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “எங்க பெரியப்பாதானுங்க பறை அடிக்க வர்றதா இருந்தது. அவர்கிட்ட வேண்டாம்னு எப்படிச் சொல்றதுன்னுதான் அன்னிக்கு ராத்திரியெல்லாம் ரோசன” என்றாள். வெளியிலிருந்து கூட்டி வருவதாக அவள் சொன்ன ஆள் யார் என்று நான் அன்று கேட்கவே இல்லை. வகையைக் கேட்டேன்.

அதற்குப் பிறகு, என் அப்பத்தா சாவுக்குப் பாடிய அம்மாவின் பெயரையாவது தெரிந்துகொள்ளலாம் என்று வளவுக்குப் போனேன். அவர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது. பேத்தி தறி குடோனில் வேலை செய்கிறார், என் வயதுதான் இருக்கும். தறிச் சத்தத்தில் பேச முடியாமல் இருவரும் வெளியே வந்து நின்றோம். பெயரைச் சொன்னார். கட்டுரையில் எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாங்க. நீங்க பாட்டுக்காரின்னு எழுதுவீங்க. படிக்கறவங்க எழவுக்குப் பாடப் போனவன்னுதானுங்க படிப்பாங்க. எம்புள்ள காலேஜ் போறா.”

எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் இந்தக் கட்டுரையிலும் அவர் பெயர் இல்லை. என் ஆய்வேட்டில் பெயர் விடுபட்டது என் அலட்சியத்தால். இங்கே விடுபட்டிருப்பது அவர் பேத்தி கேட்டுக்கொண்டதால். படிக்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இதை எழுதி வைக்கிறேன்.

இந்த ஆண்டு விழாவுக்கும் என்னைத் தேர்வுக் குழுவில் போட்டிருக்கிறார்கள். யார் எதைக் கொண்டுவந்தாலும் முதலில் யார் பாடுகிறார்கள், யார் அடிக்கிறார்கள், அவர்களுக்கு உட்கார எங்கே இடம் என்று கேட்கப் போகிறேன். என்ன வகை என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.